ஒரு குடுவை நுழையும் வாசல்: புளோரன்ஸ் நகரின் ஒயின் சாளரங்கள்

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்துத் தலைநகரான புளோரன்ஸில், பழைய மாளிகைகள் இருபுறமும் நெருங்கி நிற்கும் தெருக்களில் மெதுவாக நடந்து செல்பவர்களின் கண்ணில், பெரிய வாயிற்கதவுக்குச் சற்றுத் தள்ளி, கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் பதிந்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு வாசல் படும். அதற்குக் கல்லால் செதுக்கிய நிலை உண்டு. பெரும்பாலும் மேலே வளைவும் உண்டு. சிலவற்றில் மரக்கதவும் இன்னும் இருக்கிறது. ஆனால் அதன் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான். அகலம் அதைவிடக் குறைவு. ஒரு குழந்தைகூட நுழைய முடியாத இந்த வாசலைப் பார்ப்பவர்கள், அதை விளக்கு வைக்கும் மாடம் என்றோ, தபால் பெட்டி என்றோ, புனிதர்களின் உருவத்தை வைத்து வணங்கும் தெருக்கோயில் என்றோ எண்ணிக்கொள்வது வழக்கம். உண்மையில் அது ஒரு கடையின் வாசல். அதன் வழியே விற்கப்பட்ட சரக்கு ஒயின்.

இத்தாலிய மொழியில் இதற்குப் 'புக்கெட்டா டெல் வீனோ' என்று பெயர். 'புக்கா' என்றால் துளை அல்லது பொந்து. 'புக்கெட்டா' என்பது அதன் சிறுமையைக் குறிக்கும் வடிவம். 'வீனோ' என்பது ஒயின். ஆகவே சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'ஒயின் பொந்து' என்று ஆகும். இந்தக் கட்டுரையில் இதை ஒயின் சாளரம் என்று அழைக்கிறேன். சாளரம் என்றவுடன் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வைத்த திறப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இது வெளிச்சத்துக்காகவோ காற்றுக்காகவோ வைக்கப்பட்டதன்று. ஒரு கையும் ஒரு குடுவையும் உள்ளே போய் வெளியே வருவதற்காக மட்டுமே சுவரில் குடையப்பட்டது.

விற்பனை நடந்த முறை எளிமையானது. ஒயின் வேண்டுபவர் தன் காலிக் குடுவையுடன் தெருவில் வந்து நின்று அந்தச் சிறு கதவைத் தட்டுவார். உள்ளே, சுவருக்குப் பின்னால், மாளிகையின் நிலவறைக்குப் பொறுப்பான பணியாளர் இருப்பார். அவர் கதவைத் திறந்து, காசையும் குடுவையையும் வாங்கிக்கொண்டு, ஒயின் நிரம்பிய குடுவையை வெளியே நீட்டுவார். வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கோ வேலைக்கோ போய்விடுவார். உட்கார இடமில்லை, நின்று பேசவும் வசதியில்லை. நகரின் பெல்லே தொன்னே தெருவில் உள்ள ஒரு சாளரத்தின் அருகே, ஆண்டின் எந்த மாதங்களில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை விற்பனை நடக்கும் என்று பொறித்த கற்பலகை இன்றும் இருக்கிறது. குளிர்காலத்துக்கும் கோடைக்காலத்துக்கும் நேரம் வேறு வேறாக அதில் குறிக்கப்பட்டுள்ளது. இந்தச் சாளரங்கள் எப்போதாவது மிஞ்சிய ஒயினைத் தள்ளிவிட வைத்த ஓட்டைகள் அல்ல, நேரம் தவறாமல் நடந்த முறையான கடைகள் என்பதற்கு அந்தப் பலகையை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சாளரம் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை, அதன் வழியே போய் வந்த குடுவையில் இருக்கிறது. டஸ்கனியில் ஒயினை அளந்து விற்கப் பயன்பட்ட கண்ணாடிக் குடுவைக்கு 'ஃபியாஸ்கோ' என்று பெயர். ஊதிச் செய்த மெல்லிய கண்ணாடியால் ஆன இது, பருத்த வயிறும் நீண்ட கழுத்தும் கொண்டது. அடிப்பகுதி உருண்டையாக இருப்பதால் தானாக நிற்காது. சதுப்பு நிலத்தில் வளரும் கோரை போன்ற புல்லை உலர்த்தி, குடுவையின் வயிற்றைச் சுற்றிப் பின்னி, அடியில் வட்டமாக ஒரு தட்டும் அமைத்துவிடுவார்கள். புல்லுறை குடுவையை நிற்கவும் வைக்கும், உடையாமலும் காக்கும். டஸ்கனியின் பழைய அளவைப்படி ஒரு ஃபியாஸ்கோ ஒயின் என்பது ஏறத்தாழ 2.28 லிட்டர். 20 ஃபியாஸ்கோ சேர்ந்தால் ஒரு பீப்பாய், அதாவது ஏறத்தாழ 45.6 லிட்டர். இரண்டு பீப்பாய் ஒரு கழுதை அல்லது கோவேறு கழுதையின் சுமை. ஆக, மலைச்சரிவிலிருந்து நகருக்கு இறங்கி வரும் ஒரு விலங்கின் முதுகில் இருந்த சரக்கு, சாளரத்தில் 40 தடவை கைமாறினால் தீர்ந்துவிடும். பெரிய பீப்பாய் அந்தத் துளை வழியே போகாது. மனிதரும் போக முடியாது. குடுவை மட்டும் போகும். சில்லறை விற்பனை மட்டுமே அங்கே நடக்கும் என்பதைச் சுவரே தீர்மானித்துவிட்டது.

இனி, பெரும் செல்வர்கள் தங்கள் மாளிகைச் சுவரைத் துளைத்து ஒயினைக் குடுவை குடுவையாக விற்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள, அந்தக் கால புளோரன்ஸில் ஒயின் எத்தகைய பொருளாக இருந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இன்று நாம் நினைப்பது போல அது விருந்துக்கும் கொண்டாட்டத்துக்கும் உரிய பானமாக மட்டும் இருக்கவில்லை. ரொட்டிக்கு அடுத்தபடியாக அன்றாட உணவில் இடம்பெற்ற பொருள் அது. உழைப்பாளிக்கு உடலில் தெம்பு தரும் உணவாகவும், நம்பிக் குடிக்க முடியாத கிணற்று நீருக்கு மாற்றாகவும் கருதப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புளோரன்ஸ் வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி, 1338ஆம் ஆண்டளவில் நகருக்குள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 55,000 கொன்யோ ஒயின் வந்ததாகவும், விளைச்சல் மிகுந்த ஆண்டுகளில் அது இன்னும் 10,000 கூடியதாகவும் குறித்து வைத்திருக்கிறார். ஒரு கொன்யோ என்பது பத்துப் பீப்பாய். நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 90,000 என்று அவரே கணக்கிடுகிறார். பெருக்கி வகுத்துப் பார்த்தால், குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை அனைவரையும் சேர்த்து, ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் முக்கால் லிட்டர் ஒயின் ஆகிறது. அவ்வளவு பெரிய அன்றாடத் தேவை இருந்த நகரத்தில், ஒயின் விற்பது என்பது அரிசி விற்பதைப் போன்றது.

அந்த ஒயினை விளைவித்த நிலங்கள் யாருடையவை? புளோரன்ஸின் பெருங்குடும்பங்கள் தொடக்கத்தில் கம்பளித் துணியாலும் பட்டாலும் வட்டித் தொழிலாலும் செல்வம் சேர்த்தவை. ஐரோப்பிய மன்னர்களுக்கே கடன் கொடுத்த வங்கிகள் அவர்களிடம் இருந்தன. காலப்போக்கில் அந்தத் தொழில்களில் போட்டியும் இடரும் கூடக் கூட, அவர்கள் தங்கள் பணத்தை நகரைச் சுற்றியிருந்த குன்றுகளில் நிலமாக மாற்றினார்கள். நிலத்தை அவர்கள் தாமே உழவில்லை. 'மெத்சாத்ரியா' என்ற முறைப்படி ஓர் உழவர் குடும்பம் பண்ணையிலேயே குடியிருந்து பயிர் செய்யும். விளைவதில் பாதியை நில உடைமையாளருக்குக் கொடுக்கும். நம் ஊரில் மேல்வாரம், குடிவாரம் என்று வழங்கிய பங்கு முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, மேல்வாரம் பணமாக வரவில்லை என்பதுதான். கோதுமையாகவும் ஒலிவ எண்ணெயாகவும் ஒயினாகவும் அது வந்து சேர்ந்தது. நகர வாயிலில் அதற்குரிய வரியைச் செலுத்தி, மாளிகையின் நிலவறைக்குள் இறக்கி வைத்தார்கள்.

கோதுமையை விலை ஏறும்வரை களஞ்சியத்தில் வைத்திருக்கலாம். ஒயினை அப்படி வைத்திருக்க முடியாது. காற்றுப்புகாத அடைப்பான்களும் இன்றைய பாதுகாப்பு முறைகளும் பரவலாகாத காலத்தில், பெரும்பாலான ஒயின் ஓராண்டுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியதாகவே இருந்தது. வெயில் காலம் வந்தால் புளித்துக் காடியாகும் அபாயம் உண்டு. குடுவையில் நிரப்பிய ஒயினின் மேல் காற்றுப் படாமலிருக்கச் சிறிது ஒலிவ எண்ணெயை ஊற்றி வைப்பது டஸ்கனி மக்கள் கையாண்ட உத்தி. எப்படிக் காத்தாலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் புதிய அறுவடை வருவதற்குள் பழைய பீப்பாய்கள் காலியாகியிருக்க வேண்டும். மாளிகையில் வாழ்பவர்கள் எவ்வளவுதான் குடித்தாலும், பல பண்ணைகளிலிருந்து வந்து சேரும் ஒயின் மிஞ்சும். அதை ஒயின் கடைக்காரர்களிடமோ மதுச்சாலை நடத்துபவர்களிடமோ மொத்தமாக விற்றால், சில்லறை இலாபம் அவர்களுக்குப் போகும். தெருவில் போகிறவரிடம் நேரடியாக விற்றால், வாங்குபவருக்கும் விலை குறையும், விற்பவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும். நடுவில் யாரும் இல்லாத இந்தக் கணக்குத்தான் ஒயின் சாளரம் பிறந்ததன் அடிப்படை.

இதற்கு அரசியல் சூழலும் கைகொடுத்தது. புளோரன்ஸ் பல நூற்றாண்டுகள் குடியரசாக இருந்த நகரம். அந்தக் குடியரசில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது. ஒயின் வணிகர்களுக்கும் 'வினத்தியேரி' என்ற சங்கம் இருந்தது. யார் விற்கலாம், எப்படி விற்கலாம் என்பவற்றில் அந்தச் சங்கத்தின் சொல்லுக்கு வலு இருந்தது. 1530இல், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படையினர் நடத்திய நீண்ட முற்றுகைக்குப் பின் குடியரசு வீழ்ந்தது. மெடிச்சிக் குடும்பம் கோமகன்களாக ஆட்சிக்கு வந்தது. 1537இல், 17 வயதில் பதவியேற்ற முதலாம் கோசிமோ, தன் ஆட்சியை நிலைநிறுத்தப் பழைய பெருங்குடும்பங்களின் இணக்கத்தைத் தேடிக்கொள்ள வேண்டியவராக இருந்தார். தங்கள் நிலத்தில் விளைந்த ஒயினைத் தங்கள் மாளிகையிலிருந்தே விற்க அக்குடும்பங்களுக்கு 1559இல் அவர் அனுமதி அளித்தார். அதற்கு முன்பே மாளிகைகளில் சில்லறை விற்பனை ஓரளவு நடந்திருக்கலாம். ஆனால் சுவரில் தனியே ஒரு திறப்பு வைத்து, அதற்குக் கல் நிலையும் செதுக்கி, தெரு பார்க்க விற்கும் வழக்கம் நகரெங்கும் பெருகியது இந்தக் காலத்துக்குப் பிறகுதான்.

சொந்த நிலத்தின் விளைபொருளை விற்பது குலப்பெருமைக்கு இழுக்கு என்று அக்காலத்துப் பிரபுக்கள் கருதவில்லை. ஆனாலும் மாளிகையின் கதவைத் தெருவுக்குத் திறந்துவிடுவது வேறு செய்தி. மதுச்சாலை என்றால் கூட்டமும் கூச்சலும் சண்டையும் வரும்; முன்பின் தெரியாதவர்கள் முற்றம்வரை வந்துபோவார்கள். சாளரம் இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்த்தது. ஒயின் வெளியே போனது, காசு உள்ளே வந்தது, மனிதர்கள் யாரும் எல்லையைக் கடக்கவில்லை. என் கருத்தில், இந்தச் சாளரங்களின் கட்டட அமைப்பில் வியக்கத்தக்கது இதுதான். பல சாளரங்களின் கல் நிலையை உற்றுப் பார்த்தால், அது மாளிகையின் பெருவாயிலைச் சிறிதாக்கிச் செய்தது போலவே இருக்கும்: அதே வளைவு, அதே உச்சிக்கல், புளோரன்ஸ் கட்டடங்களில் எங்கும் காணப்படும் அதே சாம்பல்நிற மணற்கல். வாங்க வந்த எளியவருக்கென்று வைத்த வாசல் அது. அதையும் சிற்பியை வைத்தே செய்திருக்கிறார்கள்.

இதே அனுமதி வேறு ஊரில் வேறு வடிவம் எடுத்திருப்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் சாளரத்தின் தனித்தன்மை இன்னும் விளங்கும். ஆஸ்திரியாவில் 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், திராட்சை பயிரிடுபவர்கள் தங்கள் சொந்த ஒயினைத் தங்கள் இடத்திலேயே விற்கலாம் என்று ஆணையிட்டார். வியன்னாவைச் சுற்றிய சிற்றூர்களில் அது தோட்டத்து மரநிழலில் நீண்ட மேசை போட்டு, வந்தவர்களை உட்கார வைத்து ஒயின் ஊற்றிக் கொடுக்கும் விடுதிகளாக வளர்ந்தது. அங்கே விற்றவர்கள் உழவர்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் பிறர் வந்து அமர்வது அவர்களுக்குத் தடையாகத் தோன்றவில்லை. புளோரன்ஸில் விற்றவர்கள் மாளிகைவாசிகள். அவர்கள் விருந்தினரை உள்ளே அழைக்காமல் விற்கும் வழியைத் தேடினார்கள். சட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், ஓரிடத்தில் தோட்டமும் மற்றோரிடத்தில் துளையும் விளைந்தன.

புளோரன்ஸின் பெருங்குடும்பங்களில் சில இன்றும் ஒயின் தொழிலில் இருக்கின்றன. அந்தினோரிக் குடும்பத்தின் ஜொவான்னி தி பியெரோ 1385இல் ஒயின் வணிகர் சங்கத்தில் உறுப்பினரானார். 1506இல் அக்குடும்பம் வாங்கிய மாளிகை அதே பெயரில் நகரின் நடுவே நிற்கிறது. அதன் சுவரிலும் ஓர் ஒயின் சாளரம் உண்டு. ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பம் ஒரே தொழிலில் இருப்பதும், அத்தொழிலின் பழைய கடைவாசல் அவர்கள் வீட்டுச் சுவரிலேயே எஞ்சியிருப்பதும் அரிதான செய்தி.

இனி, இந்தச் சாளரங்களைப் பற்றிப் பேசும்போது தவறாமல் எழும் கொள்ளைநோய்க் கதைக்கு வருவோம். கொள்ளைநோயிலிருந்து தப்பிக்கவே இவை கட்டப்பட்டன என்று பலர் சொல்வதைக் கேட்கலாம். இது தவறு. 1348இல் ஐரோப்பாவை அழித்த பெருங்கொள்ளைநோய்க் காலத்துக்கு இவற்றைக் கொண்டுபோய் வைப்பது ஒரு பிழை. 1630ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்தான் இவற்றைத் தோற்றுவித்தது என்பது மற்றொரு பிழை. அந்த இரண்டாவது நோய் வந்தபோது சாளரங்கள் ஏற்கெனவே தெருக்களில் இருந்தன. வணிகத்துக்காக ஏற்பட்ட இடைவெளி, நோய் வந்தபோது உடலைக் காக்கவும் உதவியது என்பதே சரியான வரிசை.

அந்த நாட்களின் நடைமுறை நமக்குத் தெரியவருவது, பிரான்செஸ்கோ ரொந்தினெல்லி என்ற புளோரன்ஸ் அறிஞர் 1630, 1633 ஆகிய ஆண்டுகளின் கொள்ளைநோயைப் பற்றி எழுதி 1634இல் வெளியிட்ட விரிவான பதிவால்தான். வடக்கே நடந்த போரில் நுழைந்த படைகளோடு இத்தாலிக்குள் பரவிய நோய், 1630இல் புளோரன்ஸை எட்டியது. 1631 ஜனவரியில் நகரில் பொதுவான தனிமைப்படுத்தல் அறிவிக்கப்பட்டு, 40 நாட்கள் மக்கள் வீடுகளுக்குள் வைக்கப்பட்டபோது, எளியவர்களின் வீடுகளுக்கு அரசே உணவு அனுப்பியது. ரொட்டியோடு ஒயினும் அதில் இருந்தது. தனிமையில் அடைபட்டவருக்குக் கொடுக்கும் பங்கீட்டில் ஒயினைச் சேர்த்தார்கள் என்றால், அதன் விற்பனையை நோய்க்காலத்தில் முற்றாக நிறுத்துவது நடவாத காரியம் என்பது விளங்கும்.

ஆகவே விற்பவர்கள் தொடாமல் விற்கும் வழிகளைக் கண்டார்கள். ரொந்தினெல்லி விவரிப்பதன்படி, வாங்குபவர் தரும் காசை விற்பவர் கையால் வாங்கவில்லை. உலோகத்தாலான ஒரு சிறு தட்டைச் சாளரத்தின் வழியே நீட்டினார். வாங்குபவர் அதில் காசை வைத்தார். விற்பவர் அதை உள்ளே இழுத்துக் காடியில் நனைத்த பிறகே எடுத்துக்கொண்டார். வெளியிலிருந்து வரும் காலிக் குடுவையையும் அவர் தொடவில்லை. ஒன்று, முன்பே நிரப்பி வைத்த குடுவையை விற்றார். இல்லையென்றால், உள்ளே இருந்த பெருங்குடுவையோடு இணைத்த ஓர் உலோகக் குழாயைச் சாளரத்தின் வழியே வெளியே நீட்டி, வாங்குபவரே தன் குடுவையைத் தெருவில் பிடித்து நிரப்பிக்கொள்ளும்படி செய்தார்.

இந்த மக்களுக்கு நோயின் உண்மையான காரணம் தெரியாது. கொள்ளைநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894இல்தான். எலிகளின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகள் அதைப் பரப்புகின்றன என்பது அதற்கும் பின்னரே உறுதியானது. 17ஆம் நூற்றாண்டில், கெட்ட காற்றும் நோயாளியின் உடலும் பொருள்களும் நோயைத் தரும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பாதி தவறு. காசைக் காடியில் நனைத்ததால் தெள்ளுப்பூச்சி நின்றுவிடப் போவதில்லை. ஆனால் நுரையீரலைத் தாக்கும் வகைக் கொள்ளைநோய், நோயாளியின் மூச்சிலிருந்தும் இருமலிலிருந்தும் நேரடியாகப் பரவக்கூடியது. ஒரு கனத்த கற்சுவரை இடையில் வைத்துக்கொண்டு வணிகம் செய்தது அந்த அளவுக்கேனும் பயன் தந்திருக்க வேண்டும். காரணம் தெரியாத நிலையிலும், கண்முன் நடப்பதைக் கூர்ந்து கவனித்துத் தொடுகையைக் குறைத்த அவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

நோய் போன பின்னும் சாளரங்கள் வழக்கம்போல் இயங்கின. 1716இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, கியாந்தி உள்ளிட்ட நான்கு பகுதிகளின் எல்லைகளை வகுத்து, அங்கே விளையும் ஒயின் மட்டுமே அப்பெயரைத் தாங்கலாம் என்று ஆணையிட்டபோதும், 1770இல் பின்னாளைய ஆட்சியாளரான பியெத்ரோ லெயோபோல்தோ வணிகர்களின் பழைய தொழில் சங்கங்களைக் கலைத்தபோதும், மாளிகைச் சாளரத்து வணிகம் குலையாமல் நடந்தது. அது மெல்ல மறைந்தது 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில்தான். அதற்கு ஒரே காரணம் சொல்ல இயலாது. ஒயின் புட்டிகளில் அடைக்கப்பட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டு, தொலைதூரச் சந்தைகளுக்குச் செல்லத் தொடங்கியது; பெரிய மாளிகைகள் பிரிக்கப்பட்டு அடுக்குக் குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின; நிலவறையில் பீப்பாய் இல்லாத வீட்டுக்குச் சாளரம் தேவைப்படவில்லை. பின்னர், 1964இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் புதிய மெத்சாத்ரியா ஒப்பந்தங்களைத் தடை செய்தபோது, இந்தச் சாளரங்களுக்கு ஒயின் அனுப்பிய மேல்வார முறையும் முடிவுக்கு வரத் தொடங்கியது.

பயனற்றுப் போன துளைகளுக்கு ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு வேலை கொடுத்தார்கள். சிலர் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். சிலர் தபால் பெட்டியாக்கினார்கள்; சிலர் குடியிருப்பவர்களின் அழைப்புமணிப் பொத்தான்களை அதில் பொருத்தினார்கள்; வேறு சிலர் அன்னை மரியாவின் உருவத்தை வைத்து விளக்கேற்றினார்கள். கடைசியாகச் சொன்ன மாற்றத்தால்தான், பழைய தெருக்கோயில் எது, பழைய ஒயின் சாளரம் எது என்று பிரித்தறிவது இன்று கடினமாகிவிட்டது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரை உடைத்து நகரை மூழ்கடித்த வெள்ளத்தில், எஞ்சியிருந்த பழைய மரக்கதவுகள் பல அழிந்துபோயின. தெருமட்டத்திலிருந்து சற்றே மேலே இருந்த இந்தச் சிறு கதவுகள், வெள்ளத்தின் பாதையில் நேராக நின்றன.

நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கவனிக்காத இவற்றைத் தேடிப் பட்டியலிடவும் காக்கவும் 2015இல் புளோரன்ஸில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு சாளரத்தையும் படம் எடுத்து, முகவரியைக் குறித்து, உரிமையாளர்கள் இசைந்த இடங்களில் அருகே சிறு பெயர்ப்பலகையும் பதித்து வருகிறார்கள். பழைய நகர்ப்பகுதிக்குள் மட்டும் 150க்கும் மேற்பட்ட சாளரங்கள் கணக்கில் வந்துள்ளன. பீசா, சியேனா முதலிய பிற டஸ்கனி ஊர்களிலும் சில உண்டு. டஸ்கனிக்கு வெளியே இந்த வழக்கம் வேரூன்றவில்லை. இது பெருமுயற்சி. அரண்மனையையும் தேவாலயத்தையும் காப்பாற்ற எங்கும் ஆள் கிடைக்கும். சுவரில் உள்ள ஒரு சாண் அகலத் துளையைக் காப்பாற்ற முன்வருபவர் அரிது. அது அழிந்தால் ஊர் எப்படிச் சாப்பிட்டது, எப்படிச் சில்லறைக் காசு கைமாறியது என்ற வரலாற்றின் சான்றும் சேர்ந்து அழியும் என்பதை இவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

2019 ஆகஸ்டில், ஆர்னோவின் தென்கரையில் உள்ள சாந்தோ ஸ்பிரித்தோ தெருவில் பபாயே என்ற உணவகம், தன் சுவரில் இருந்த சாளரத்தைத் திறந்து, பழைய முறைப்படி அதன் வழியே கோப்பையில் ஒயின் விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனாத் தொற்று வந்தது. 2020 மார்ச்சில் இத்தாலி முழுவதும் ஊரடங்கு. அது தளர்ந்தபோதும் நெருங்கி நிற்பதற்குத் தடை. அப்போது நகரின் வேறு சில கடைகளும் தங்கள் சுவரில் இருந்த துளைகளை நினைவுகூர்ந்தன. விவோலி என்ற பழைய ஐஸ்கிரீம் கடை காப்பியையும் ஐஸ்கிரீமையும் அதன் வழியே நீட்டியது. பெருஸ்ஸி சதுக்கத்தில் ஓர் உணவகம் ஒயினும் கலவைப் பானங்களும் கொடுத்தது. உலகெங்கும் செய்தியான அந்தப் படங்களைப் பார்த்த பலர், இவை கொள்ளைநோய்க்காகவே கட்டப்பட்டவை என்று எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை. முன்னே சொன்ன பிழை இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கு அந்த ஆண்டின் செய்திகளுக்கும் பங்கு உண்டு.

புளோரன்ஸுக்குப் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள், பபாயே போன்ற திறந்த சாளரங்களை எளிதில் கண்டுகொள்வார்கள். அங்கே எப்போதும் கூட்டம் இருக்கும். மூடிக் கிடப்பவற்றைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மாளிகையின் பெருவாயிலுக்கு அருகே, தரைத்தள ஜன்னலுக்கும் வாயிலுக்கும் இடைப்பட்ட சுவரில் பாருங்கள். பூச்சு ஒரே சீராக ஓடும் இடத்தில், சாம்பல்நிறக் கல்லால் ஆன சிறு வளைவு ஒன்று மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதன் அடிக்கல் சற்று முன்னே நீண்டிருந்தால், அது குடுவையை வைத்து எடுக்க விட்ட திண்ணை. சிலவற்றின் தலைமேல் 'வீனோ' என்றோ, நிலவறையைக் குறிக்கும் 'கந்தீனா' என்றோ பொறித்த எழுத்துக்கள், தேய்ந்த நிலையிலும் படிக்கக் கிடைக்கும்.